‘போரும் வாழ்வும்’ படத்தில் பலர் சறுக்கும் இடங்கள்

டால்ஸ்டாயின் நாவலைச் சோவியத் இயக்குநர் செர்கேய் பொந்தார்ச்சுக் நான்கு பாகங்களாகப் படமாக்கினார். 1966, 1967 ஆண்டுகளில் வெளியான அந்தப் படம் மொத்தம் ஏழு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்காராதீர்கள். மூன்றாம் பாகத்தில் ரஷ்யர்கள் நெப்போலியனோடு மோதும் போரோதினோ போர் தொடங்கும்போது உங்களுக்குக் கண் சொருகும். பாகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்றைய ரசிகர்களும் விட்டு விட்டுத்தான் பார்த்தார்கள்.

எந்தப் படம் என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 1956இல் வந்த ஆட்ரி ஹெப்பர்ன் படம் வேறு. அதை எடுத்தவர் கிங் விடோர். சோவியத் படத்திலேயே அமெரிக்காவுக்காக வெட்டி, ஆங்கிலத்தில் டப்பிங் செய்த வடிவம் ஒன்று உண்டு. அது வேண்டாம். மூலத்தில் நெப்போலியனைத் திட்டிக்கொண்டே அவன் நாட்டு மொழியான பிரெஞ்சில் அளவளாவுகிறார்கள் ரஷ்யப் பிரபுக்கள். அந்த வேடிக்கையை ஆங்கிலக் குரலில் எங்கே தேடுவது?

எனக்கு எரிச்சலூட்டுவது தலை எண்ணும் பழக்கம்தான். போர்க்களக் காட்சியில் 1,20,000 சிப்பாய்கள் நடித்ததாக இன்றும் எழுதுகிறார்கள். அது மிகை, தனக்குக் கிடைத்தது 12,000 பேர்தான் என்று பொந்தார்ச்சுக்கே பின்னாளில் சொல்லிவிட்டார். கூட்டத்தைப் பார்க்க வந்தவருக்கு இரண்டாம் பாகம் இழுவையாகத் தெரியும், ஓட்டிவிடுவார். அங்கேதான் கதாநாயகி நடாஷாவின் முதல் நடன விருந்து இருக்கிறது. யாராவது ஆட அழைக்க மாட்டார்களா என்று அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள், எனக்கு அது பீரங்கிச் சத்தத்தைவிடப் பெரிது. நடித்த லுத்மீலா சவேல்யேவா பாலே நடனக்காரர். வேட்டை முடிந்து மாமா வீட்டில் கிட்டார் ஒலிக்க, அதே பெண் நாட்டுப்புற ஆட்டம் ஆடுவாள். பிரெஞ்சுச் சூழலில் வளர்ந்தவளுக்கு அந்தத் தோளசைவு எங்கிருந்து வந்தது?

டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கத்தைப் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: புத்தகத்தை மடியில் வைத்துச் சரிபார்க்காதீர்கள். நடாஷாவின் அண்ணன் நிக்கோலாயும் இளவரசி மரியாவும் சேரும் கதை படத்தில் தேய்ந்துவிட்டது. டால்ஸ்டாயின் நீண்ட பின்னுரையும் இல்லை. நிக்கோலாய்க்காக எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, பின்னுரைக்காக இல்லை.