புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது எப்படி: தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்குப் பெற்றோர் செய்யக்கூடியவை

பெரிய தேர்வு நெருங்கும்போது வீட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி "படிச்சியா?" என்பதுதான். "படிச்சாச்சு" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது பொய்யல்ல. பாடத்தை மூன்று முறை வாசித்திருப்பார்கள், ஹைலைட்டரால் பாதிப் பக்கத்தை மஞ்சளாக்கியும் இருப்பார்கள். ஆனாலும் தேர்வு அறையில் கேள்வியைப் பார்த்ததும், "தெரிஞ்சதுதான், வர மாட்டேங்குதே" என்று தவிப்பார்கள். வாசிக்கும்போது பதில் கண்முன்னே இருக்கிறது. தேர்விலோ அதை நினைவிலிருந்து தாங்களே எடுக்க வேண்டும். எடுத்துப் பழகாதவர்களுக்கு அந்த நேரத்தில் அது வராது.

கீழே உள்ள முறை அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதற்குத்தான். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பதில் பார்க்கப் புத்தகம் உங்கள் கையில் இருந்தால் போதும்.

படி 1: எது தெரியும், எது தெரியாது

முழுப் பாடத்திட்டம், தேர்வுத் தேதிகள், பழைய வினாத்தாள்கள் மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் ஒரு குறி போடச் சொல்லுங்கள்: பார்க்காமல் எழுத முடியும், கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் வரும், சுத்தமாக வராது. குறியை அவர்களே போடட்டும், நீங்கள் வாதாட வேண்டாம். வாசித்து முடித்த பாடத்துக்கெல்லாம் "முடியும்" என்று போடுவது இயல்பு. அதனால் ஒவ்வொன்றுக்கும் பழைய வினாத்தாளிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், குறி தானாகவே மாறும்.

படி 2: அட்டவணை

"4 மணி முதல் 6 மணி வரை அறிவியல்" என்று எழுதிவைத்தால் அந்த இரண்டு மணி நேரமும் புத்தகத்தைப் புரட்டுவதிலேயே போய்விடும். நேரத்தோடு வேலையையும் எழுத வேண்டும்: "ஒளிச்சேர்க்கை, பார்க்காமல் எழுதுவது, பிறகு 2 பழைய கேள்விகள்." வாரத்தில் அரை நாளாவது காலியாக விடுங்கள். காய்ச்சல் வரும், பள்ளியில் திடீரென்று வேலை கொடுப்பார்கள். இடைவெளியே இல்லாத அட்டவணை முதல் வாரமே கவிழ்ந்துவிடும், அதோடு பிள்ளைக்கு நம்பிக்கையும் போய்விடும்.

இன்னொன்று, ஒரு பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்குப் பிறகு மறதி மெதுவாகிறது. ஆகவே படித்த பாடத்தை மறுநாள் ஒருமுறை, 4-ம் நாள் ஒருமுறை, 10-ம் நாள் ஒருமுறை, அப்புறம் 3 வாரம் கழித்து ஒருமுறை என்று திரும்பத் தொடச் சொல்லுங்கள். நாட்கள் ஒன்றிரண்டு முன்பின் ஆனால் பரவாயில்லை, நடுவில் இடைவெளி விழுவதுதான் முக்கியம். இதற்கு 8 வாரம் இருந்தால் நிம்மதி. 3 வாரம்தான் இருக்கிறது என்றாலும் இடைவெளிகளைச் சுருக்கிக்கொண்டு இதையே செய்யலாம்.

படி 3: வெறும் தாள்

வேறு எதைச் செய்ய முடியாமல் போனாலும் இதைச் செய்யுங்கள்.

பாடத்தை ஒருமுறை கவனமாக வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ஒரு வெறும் தாளை எடுத்து, நினைவுக்கு வருவதை எல்லாம் எழுத வேண்டும். வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை, படம், அம்புக்குறி, ஒற்றைச் சொல் எதுவானாலும் சரி. 10 நிமிடம் கழித்துப் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அந்த நிறத்தில் இருப்பதுதான் இனிமேல் படிக்க வேண்டியது.

ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மகள் ஒளிச்சேர்க்கை எழுதியிருக்கிறாள்: "இலை, சூரிய ஒளி, கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர். குளுக்கோஸ், ஆக்சிஜன் கிடைக்கும்." பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது நீங்கள் கேட்கத் தொடங்குங்கள்.

"இலையில எங்க நடக்குது?"

"செல்லுல... பச்சையா இருக்குமே, அது."

"பேரு?"

யோசிக்கிறாள். "பசுங்கணிகம்" என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். 20 விநாடி அமைதியாக இருங்கள். தடுமாறித் தேடி எடுப்பதில்தான் நினைவு உறுதியாகிறது. வரவில்லை என்றால் அவளே புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும்.

"சரி, வெளிய வர்ற ஆக்சிஜன் எதுலேர்ந்து வருது?"

"கார்பன் டை ஆக்சைடுலேர்ந்து."

இல்லை, தண்ணீரிலிருந்து. நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. பத்து முறை வாசித்தாலும் இந்தத் தவறு வெளியே தெரிந்திருக்காது. ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது.

இப்படி எழுதிப் பார்க்கும்போது முதல் சில நாட்கள் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். "வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்சுது, இப்ப எதுவுமே வரல" என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆய்வு இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியை மாணவர்கள் இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்ததே நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: எழுதிப் பார்த்ததில் ஏறத்தாழ 56 சதவீதம் நினைவில் நின்றது, வாசித்ததில் 42 சதவீதம்தான். தேர்வு 5 நிமிடத்தில் வருவதில்லை என்பதைப் பிள்ளையிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

படி 4: அட்டைகள்

ஆண்டுகள், வரையறைகள், சூத்திரங்கள், சொற்பொருள் போன்ற துண்டு விஷயங்களுக்கு அட்டை நல்லது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு, முதலில் எல்லா அட்டைகளையும் முதல் பெட்டியில் போடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பி வரும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் எழுத்தாளர் 1972-ல் பரப்பிய இந்த முறைக்குப் பழைய அட்டைப் பெட்டிகள் மூன்றே போதும்.

படி 5: கணக்கு

கணக்கில் "புரிஞ்சுது" என்ற சொல்லை நம்பாதீர்கள். தீர்த்துவைத்த கணக்கைப் பார்த்துக்கொண்டே போனால் எல்லாமே புரியும். தீர்வை மறைத்துவிட்டு, முதல் வரியைத் தானாக எழுத முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு தவறு நோட்டு வேண்டும். அதில் "கவனக்குறைவு" என்று எழுத அனுமதிக்காதீர்கள், அந்தச் சொல்லை வைத்து எதையும் திருத்த முடியாது. 10 − (4 − 7) என்பதற்கு −1 என்று விடை வந்திருக்கிறது என்று வையுங்கள். சரியான விடை 13. நோட்டில் எழுத வேண்டியது இதுதான்: "அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே உள்ள இரண்டாவது குறியையும் மாற்ற வேண்டும், முதலாவதை மட்டும் மாற்றினேன்." இரண்டு வாரத்தில் அதே மூன்று நான்கு தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருவது தெரியும். மதிப்பெண் போவதும் அங்கேதான்.

ஒரே வகைக் கணக்கை 20 போடுவதை விட, நான்கு வகையைக் கலந்து ஐந்து ஐந்தாகப் போடட்டும். எந்த வழியில் தீர்ப்பது என்று கண்டுபிடிப்பதும் தேர்வில் ஒரு வேலை. கலந்து போட்டால்தான் அது பழகும்.

படி 6: கடிகாரம் வைத்து ஒரு முழுத் தேர்வு

கடைசி மூன்று வாரத்தில் பாடத்துக்கு இரண்டு பழைய வினாத்தாளாவது முழு நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும். 3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால், சரிபார்க்க 15 நிமிடம் ஒதுக்கியது போக 165 நிமிடம். 5 மதிப்பெண் கேள்விக்கு 8 நிமிடம்தான் வரும். அதைத் தாண்டினால் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பழக வேண்டும். நன்றாகத் தெரிந்த கேள்விக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு கேள்வியைத் தொடாமலே வரும் பிள்ளைகள் நிறைய. திருத்தும்போது மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாதீர்கள், விட்டுப்போன இடங்களைப் பற்றிப் பேசுங்கள்.

படி 7: தூக்கம், பேச்சு

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இந்த வயதில் உடலின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது, இரவு சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது நியாயமில்லை. பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் பதித்துக்கொள்கிறது. எனவே கடைசி இரவில் கண்விழிப்பது அதுவரை செய்த உழைப்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

"படிச்சியா?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு எது வரவே மாட்டேங்குது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டாவதற்கு யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும், உதவி கேட்கவும் அதில் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் இந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. சாப்பாடே இறங்காமல், தூக்கமே வராமல், அழுதுகொண்டே இருந்தால் அட்டவணையை மூடிவைத்துவிட்டு ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்.

தேர்வு நாட்களில் புதிதாக எதையும் தொட வேண்டாம். காலையில் தவறு நோட்டையும் முதல் பெட்டி அட்டைகளையும் ஒருமுறை பார்த்தால் போதும். எழுதிவிட்டு வந்ததும் வினாத்தாளை வாங்கி ஒவ்வொரு பதிலாகக் கேட்காதீர்கள். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் படுக்கவிடுங்கள். மாலையில் அடுத்த பாடத்தின் வெறும் தாளோடு பக்கத்தில் போய் உட்காருங்கள்.