அணில் குரல் வந்த விதம்

கார்ட்டூனில் கீச்சுக்குரலில் பாடும் ஆல்வின் அணில் மாதிரி மகளுக்குப் பேசிக் காட்ட எனக்கு ஆசை. ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் என் குரலைப் பதிந்து சுருதியை மட்டும் ஏற்றினேன். கீச்சுக்குரல் வந்தது, ஆனால் தகர டப்பாவுக்குள் பேசுவது போல் இருந்தது.

1958-ல் அமெரிக்கப் பாடகர் ராஸ் பாக்தசாரியன் அந்தக் குரலை உருவாக்கியது வேகத்தை வைத்துத்தான். டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, அப்புறம் வழக்கமான வேகத்தில் ஒலிக்கவிட்டார்கள்.

சரி, நானும் ‘சாஆஆப்பிட்டியாஆஆ’ என்று இழுத்துப் பேசி, வேகத்தை 2 மடங்காக்கினேன். சுருதியும் தானாக ஏறியது, டப்பா ஒலியும் போய்விட்டது. ‘ழ’, ‘ள’ மட்டும் ஒன்றாகக் குழைந்தன. அவற்றை அழுத்திச் சொல்லி மறுபடி பதிந்தேன். 1.7 மடங்குதான் என் குரலுக்குப் பொருந்தியது. மகள் அதையே நாலு தடவை கேட்டாள்.