வாலைப் பாருங்கள், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்

கழுகா பருந்தா என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, வால் எப்படி இருந்தது என்றுதான். வெயிலுக்கு எதிரே பறந்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். நிறம் அங்கே உதவாது.

காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். காசிமேடு மாதிரி மீன் இறங்கும் இடத்திலோ, கறிக்கடைக்குப் பின்னாலோ நில்லுங்கள். அங்கே வட்டமடிப்பதில் பெரும்பாலானவை கரும்பருந்துகள். கொஞ்ச நாளைக்கு அதை மட்டும் பாருங்கள், சலித்தாலும் பரவாயில்லை. வால் நுனி நடுவில் குழிந்து கவட்டையாக இருக்கும். திரும்பும்போது அந்த வாலைச் சுக்கான் போல இப்படியும் அப்படியும் முறுக்கும். முழுதாக விரித்துவிட்டால் கவடு மறைந்துவிடும். அது வாலைச் சுருக்கும்வரை காத்திருங்கள்.

ஏறக்குறைய அதே அளவில், வால் நுனி உருண்டையாக இருந்தால் செம்பருந்து. வளர்ந்ததை வெள்ளைத் தலையையும் செங்காவி உடம்பையும் வைத்துக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இளசு பழுப்பாக, கரும்பருந்து மாதிரியே இருக்கும். அங்கேதான் வால் கைகொடுக்கும்.

அடுத்தது பறக்கும் விதம். படபடவென்று சில தடவை சிறகடித்து, கொஞ்சம் சறுக்கி, மறுபடி அடித்தால் வல்லூறு. புறா அளவுதான். அக்காக்குயிலும் அதே சாம்பல் முதுகும் பட்டை போட்ட வாலுமாக வந்து ஏமாற்றும். உட்கார்ந்ததும் அலகைப் பாருங்கள், குயிலுக்குக் கொக்கி கிடையாது.

அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கிறதா? வெள்ளை உடம்பு, கறுப்புத் தோள் என்றால் கருந்தோள் பருந்து. செங்கல் நிற முதுகும் நீண்ட வாலுமாகக் குளிர்காலத்தில் வந்தால் சிவப்பு வல்லூறு.

பள்ளிக்கரணைச் சதுப்பில் குளிர்கால மாதங்களில் கோரைக்கு மேலே தாழ்வாக, சிறகுகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி மிதந்து போவது சேற்றுப் பூனைப்பருந்து. பெண்ணுக்குத் தலை வெளிர் மஞ்சளாக இருக்கும்.

பைனாகுலர் எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கை ஆட்டம்தான் பெரிதாகத் தெரியும். விடியற்காலையில் எழுந்து ஓடவும் வேண்டாம். வெயில் ஏறித் தரை சூடாகி, வெப்பக்காற்று கிளம்பிய பிறகுதான் பெரிய பறவைகள் மேலே எழும்பும்; ஒன்பது மணிக்குச் சாவகாசமாக மொட்டை மாடிக்குப் போகலாம். பார்த்ததும் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். பறவை கண்ணில் இருக்கும்போதே வாலையும் சிறகு நுனியையும் கோணல்மாணலாகவாவது வரைந்துவிடுங்கள். அது பறந்துபோன பிறகு புத்தகத்தைத் திறக்கலாம். அப்போதும் பிடிபடாவிட்டால் 'ஏதோ ஒரு பருந்து' என்று தேதியோடு எழுதி வையுங்கள்.