‘மாத்திரை போட்டியா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள்

துளசித் தொட்டியைக் கிளறியபோது மண்ணுக்குள் ஏழு மாத்திரைகள் கிடைத்தன, பாதி கரைந்து. என் மகனுக்கு அப்போது 8 வயது. ஏ.டி.எச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிற்காமல், துறுதுறுப்பு அதிகமாக இருக்கும் நிலை) என்று சொல்லி, அதற்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவனிடம் நான் சொல்லி வைத்திருந்தது, ‘சத்து மாத்திரை’. தப்பு என்னுடையதுதான்.

திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “இது எதுக்குன்னு நீ நினைக்கிற?” என்று கேட்டேன். “நான் கெட்ட பையன்ல, அதுக்கு” என்றான்.

அதனால் விளக்கம் சொல்லக் கிளம்புமுன் முதலில் கேளுங்கள். பிள்ளை மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும். அது தெரிந்த பிறகுதான் உங்கள் பேச்சு. நான் சொன்னது இவ்வளவுதான்: “இது உன்னை நல்ல பையனாக்குற மருந்து இல்லடா. கவனம் ஓடிப் போகாம இருக்க உதவும். கணக்குப் போடுறது நீதான்.” சில வாரம் கழித்து அவனே சொன்னான்: “பக்கத்து வீட்டு மிக்சி நின்ன மாதிரி இருக்கும்மா.”

அப்புறம், அவன் கத்தும்போதெல்லாம் “இன்னிக்கு மாத்திரை போட்டியா?” என்று கேட்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். என் மாமியாருக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. தம்பி பென்சிலை உடைத்தால் யாருக்கும் கோபம் வரும். அதற்கும் மாத்திரையை இழுத்தால் அவன் கோபத்துக்கு மரியாதையே இல்லை. மார்க் வாங்கினாலும் பாராட்டு அவனுக்குத்தான்.

பசி குறையும் என்பதால் எங்கள் டாக்டர் சொன்னபடி இட்லி சாப்பிட்ட பிறகே மாத்திரை. மதிய டப்பா அப்படியே திரும்பி வந்தால் சண்டை வேண்டாம். சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும் நாலு தோசை கேட்பான். உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் அவ்வப்போது டாக்டர் பார்க்கட்டும்.

ஒருமுறை, “யார்கூடயும் விளையாடத் தோணல” என்றான். இதை அடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அளவு கூடிப்போனாலும் இப்படி ஆகலாம். அவன் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக் காட்டினேன், டாக்டர் அளவைக் குறைத்தார். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. பொடித்துக் கொடுப்பதற்கும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்புக்குள் போய்விடும்.

இப்போது மாத்திரைப் பெட்டி என்னிடம் பூட்டில், தண்ணீர் டம்ளர் அவன் பொறுப்பு. போன தடவை டாக்டரிடம் அவனே கேட்டான்: “ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் இருக்கு, அன்னிக்கும் போடணுமா?” அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கே பதில் சொன்னார்.