மட்டக்களப்பு வெக்கையில் கிளம்பர் ஸ்பானியல்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

கல்லடியில் எங்கள் வீட்டில் 34 கிலோ எடையில் ஒரு கிளம்பர் ஸ்பானியல் நாய் இருக்கிறது. லண்டனை விட்டு ஊரோடு வந்துவிட்ட பெரியப்பா அதையும் கூட்டிக்கொண்டு வந்தார். விறாந்தையில் வெள்ளையாய், உருண்டையாய்ப் படுத்திருந்ததைப் பார்த்து அம்மா, "தயிர் முட்டி மாதிரிக் கிடக்கு" என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் முட்டி. பெரியப்பாவுக்குக் குனிந்து நிமிர ஏலாது என்பதால், முட்டியைப் பார்ப்பது என் பொறுப்பு.

ஸ்பானியல் இனங்களில் மிகப் பாரமானது இதுதான். பெட்டை 25 கிலோவிலிருந்து, ஆண் 38 கிலோ வரை வரும். இங்கிலாந்தின் நொட்டிங்காம்ஷயரில் உள்ள கிளம்பர் பூங்காவிலிருந்து பெயர் வந்தது. அடர்ந்த பற்றைக்குள் மெதுவாக, சத்தமில்லாமல் மோப்பம் பிடித்துப் போவதற்காக வளர்த்த வேட்டை நாய். அந்த அமைதி இன்றும் அதன் குணம். வெக்கை தாங்காவிட்டாலும், காது வலித்தாலும் குரைத்து முறையிடாது. ஒரு மூலையில் படுத்துவிடும். ஆகவே நாம்தான் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். கொக்கர் ஸ்பானியல் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: படுக்க இடம்

நாய்க்குட்டி வருமுன்பே இதை முடியுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். வீட்டுக்குள் காற்றோட்டமான சீமெந்துத் தரை, ஒரு மின்விசிறி, இரண்டு இடங்களில் தண்ணீர் போதும். டைல்ஸ் தரை என்றால் நடக்கும் பாதையில் றப்பர் விரிப்போ பன் பாயோ போடுங்கள். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் முதுகெலும்புத் தட்டுக் கோளாறும் வரும் வாய்ப்பு அதிகம். வழுக்கி விழுவதும், கட்டிலிலிருந்து குதிப்பதும் இரண்டையும் மோசமாக்கும்.

படி 2: நடை

விடியற்காலை ஆறு மணிக்குள் ஒன்று, பொழுது பட்டபின் ஒன்று. தலா இருபது, முப்பது நிமிடம். பின்னேரம் நான்கு மணிக்குத் தார் றோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கல்லடிக் கடற்கரை மணல் விடியலில் அருமை. திரும்பி வந்ததும் உப்பையும் மணலையும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் துடையுங்கள். வாவிக் கரையில் மட்டும் கயிற்றைக் கழற்றவே வேண்டாம். தண்ணீர் கண்டால் ஸ்பானியலுக்கு ஆசை வரும், வாவியில் முதலை இருக்கிறது.

படி 3: வெக்கை தாக்கினால்

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஆனி மாதம், கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது, கரண்டும் இல்லை. முட்டி விறாந்தையில் அசையாமல் கிடந்தது. நித்திரை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பும்போது நாக்கு அகண்டு தொங்கியது, எச்சில் கஞ்சிபோலத் தடித்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு (பல் ஈறு) செங்கல் நிறம். கூப்பிட்டேன், தலை எழும்பவில்லை.

கிணற்றடிக்குத் தூக்கிப் போய், வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றினோம். தம்பி பழைய கலண்டர் மட்டையால் விசிறினான். நனைந்தபடியே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். தப்பிவிட்டது.

நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள்: நிழல், தண்ணீர், காற்று, உடனே வைத்தியர். ஈரத் துவாயால் போர்த்த வேண்டாம், வெக்கை உள்ளேயே நின்றுவிடும். மயங்கிக் கிடக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 40ஐத் தாண்டினால் ஆபத்து. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடலைக் குளிர வைக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த ஆவி லேசில் போகாது. குளிரான நுவரெலியாவில் சமாளிக்கும் நாய் இங்கே திணறும்.

படி 4: காது

வாரம் இரண்டு தரம். காதை மேலே தூக்கி முதலில் மோந்து பாருங்கள். நல்ல காதுக்கு வாடையே இராது. புளித்த அப்ப மா வாடை வந்தால், அல்லது கபில நிற அழுக்கு இருந்தால், பூஞ்சணம் தொடங்கியிருக்கலாம். நீங்களாக மருந்து விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சுத்தமான காதென்றால், வைத்தியர் தந்த காது கழுவும் திரவத்தை விட்டு, காதின் அடியை விரல்களால் அரை நிமிடம் பிசையுங்கள். 'சளக் சளக்' என்று சத்தம் வர வேண்டும். நாய் தலையை உதறட்டும், அப்புறம் மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம். மாரி காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும், நனைந்த ஒவ்வொரு முறையும் காதை உலர்த்துங்கள்.

படி 5: கண்

கீழிமை தொங்குவதால் கச்சான் காலத்துப் புழுதி அங்கேதான் தங்கும். கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பச்சைப் பீளை, கண்ணை இடுக்குவது, காலால் தேய்ப்பது தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். மனிதருக்கு வாங்கிய சொட்டு மருந்தை விடாதீர்கள்.

படி 6: சாப்பாடு

இரண்டு வேளை, அளந்து. அவித்த கோழி, சோறு, பூசணிக்காய் நல்லதுதான்; ஆனால் முழுக்க வீட்டுச் சாப்பாடு என்றால் கல்சியம் போதாது, வைத்தியரிடம் கேட்டுச் சேர்த்துக் கொடுங்கள். வெங்காயம், உள்ளி, முந்திரிப்பழம் (திராட்சை), சொக்லேட், சமைத்த எலும்பு கூடாது. விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறையுங்கள். எங்கள் வீட்டில் மாமிமார் பிட்டு உருட்டிக் கொடுத்ததில் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறியது. அதைக் குறைக்க ஏழு மாதம் பிடித்தது. இன்னொன்று: எதையாவது வாயில் கவ்விக்கொண்டு திரிவது இதன் பிறவிக் குணம். காலுறை, தேங்காய்த் தும்பு எல்லாம் விழுங்கும். கைக்கெட்டாமல் வையுங்கள்.

படி 7: முடி, உண்ணி, ஊசி

மொட்டை அடிக்காதீர்கள், வெளிறிய தோல் வெயிலில் பொசுங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால் போதும். சீவும்போதே காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் முரசு வெளிறும், சலம் தேத்தண்ணி நிறத்தில் போகும். விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் கட்டாயம். அம்பாறைப் பக்கம் வயல் ஓரத்தில் இருப்பவர்கள் எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். வெள்ளம் வடிந்தபின் போடுவதைவிட, மாரிக்கு முன்னரே போட்டுவிட வேண்டும்.