தொட்டிச் செடிகளின் வேருக்குக் காவல் பாக்டீரியா இடும் முறை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத் தொட்டிகளிலோ சமூகத் தோட்டப் பாத்திகளிலோ தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ப்பவர்களைச் சோர்வடையச் செய்வது பாக்டீரியா வாடல் நோய். இலை மஞ்சளாகும் முன்பே செடி துவண்டு விழுந்துவிடும். வந்தபின் அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லாததால், நோய்க்கிருமி வேரை எட்டுவதற்குள் நன்மை செய்யும் பாக்டீரியாவை அங்கே குடியேற்றிவிட வேண்டும்.

இதற்குப் பரவலாகப் பயன்படுபவை சூடோமோனாஸ் புளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் ஆகிய இரண்டு. முன்னது சிடரோஃபோர் என்னும் பொருளைச் சுரந்து, வேரருகே உள்ள இரும்பைத் தானே கவர்ந்துகொண்டு நோய்க்கிருமியைப் பட்டினி போடுகிறது. இரண்டுமே கிருமிகளை ஒடுக்கும் பொருள்களைச் சுரப்பதுடன், செடியின் சொந்த எதிர்ப்பாற்றலையும் தூண்டிவிடுகின்றன. பேசில்லஸ் வெப்பத்தைத் தாங்கும் வித்துகளாக மாறவல்லது என்பதால், நம் வீட்டு அலமாரிச் சூட்டுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. சூடோமோனாஸ் அப்படி மாறாது. இந்தப் பாக்டீரியாக்கள் டால்க் தூளில் கலந்து பொட்டலமாகக் கிடைக்கும்; காலாவதியான பொட்டலத்தில் எஞ்சுவது பெரும்பாலும் வெறும் டால்க் தூள்தான். அனுமதி விதிகளைப் பார்க்காமல் இவற்றை ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரவும் வேண்டாம்.

விதைகளை லேசாக ஈரப்படுத்தி, கிலோவுக்கு 10 கிராம் என்ற விகிதத்தில், அதாவது வீட்டளவில் ஒரு சிட்டிகை, தூளைப் புரட்டி நிழலில் உலர்த்தி விதைக்கவும். நாற்றுகளை நடும்முன், லிட்டருக்கு 5 கிராம் கலந்த நீரில் வேர்கள் 20 முதல் 30 நிமிடம் நனையட்டும். பிறகு, நன்கு மக்கிய எருவில் தூளைக் கலந்து வேர்ப்பகுதியில் இட்டு, ஒரு மாதம் கழித்து மீண்டும் இடவும். பொட்டலத்தில் வேறு அளவு குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றவும்.

இங்கே பலர் கவனிக்காதது தண்ணீர். நம் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரமின் இந்த நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும். ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமின் அப்படிப் பறக்காது. கரைசலுக்கான நீரில் சிறிது வைட்டமின் சி தூளைக் கரைத்தால் அது நீங்கும். தாமிரப் பூஞ்சணக்கொல்லியையும் இதனுடன் சேர்த்து இடக்கூடாது, அது காவலனையும் கொன்றுவிடும். தொட்டித் தட்டில் நீர் தேங்கவிட்டால், ஏடிஸ் கொசு ஒருபுறம் இருக்க, சேறான மண்ணில் வாடல் கிருமிக்கே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு செடி வாடினால், தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுனையைக் கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல்தான். அந்தச் செடியை மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போடவும், எருக்குழியில் சேர்க்க வேண்டாம்.