நாடகத்துக்குள் அரசியலைப் பார்ப்பது எப்படி: இரண்டு வாரம், ஒரு நோட்டு

கட்சிக் கொடி தெரிந்தால்தான் அரசியல் என்று உட்கார்ந்தால் ராத்திரி டி.வி. நாடகத்தில் ஒன்றும் சிக்காது. அங்கே அரசியல் வேறு இடத்தில் இருக்கும். யார் பேச்சை வீடு கேட்கிறது, கடைசியில் யார் காலில் விழுகிறார், யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்குச் சொந்த ஊர்ப் பெயர்கூட இல்லை என்று பார்க்க வேண்டும். இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இரண்டு வாரமும் போதும். கல்லூரி மாணவர் செய்யலாம், மகளிர் குழுவில் நாலு பேர் சேர்ந்தும் செய்யலாம்.

திங்கள் முதல் சனி வரை வரும் ஒரே ஒரு நாடகத்தை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு 12 எபிசோடு. மூன்று நாடகத்தைத் தொட்டால் மூன்றுமே அரைகுறையாக நிற்கும். செல்போனில் துண்டு வீடியோ பார்த்து எழுதாதீர்கள். கைதட்டலுக்கென்று வெட்டிய வசனம்தான் அதில் மிஞ்சும். கேபிளில், வரும் நேரத்திலேயே பாருங்கள். நடுவில் வரும் விளம்பரமும் கீழே ஓடும் எழுத்தும் கணக்கில் சேர்த்திதான். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் டி.வி. விதி. அரை மணி நாடகத்தில் முன்கதையும் போக, கதைக்குக் கிடைப்பது இருபது நிமிடத்தை ஒட்டித்தான்.

நோட்டின் இடது பக்கத்தில் அன்று நடந்ததை ஐந்தே வரியில் எழுதுங்கள். வலது பக்கத்தில் நாலு கட்டம்: முடிவெடுத்தவர் யார், எதிர்த்தவருக்கு என்ன ஆயிற்று, பணம் எங்கிருந்து வந்தது, அரசாங்கம் எந்த உருவில் வந்தது. போலீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, ஊராட்சி எல்லாம் நாலாவது கட்டத்தில் சேரும். ஒரு வாரம் முழுக்க அந்தக் கட்டத்தில் போலீஸ் மட்டுமே வந்திருந்தால், அதுவும் பணக்கார வீட்டுக்கு அடங்கிய போலீஸாக இருந்தால், கதை ஒரு கருத்தைச் சொல்லிவிட்டது. யாரும் மேடை ஏறிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாரம் முடிந்ததும் பாத்திரங்களை மூன்றாகப் பிரியுங்கள்: எதுவந்தாலும் நல்லவர், எதுவந்தாலும் கெட்டவர், நடுவில் நின்று தடுமாறி மாறுகிறவர். இந்தப் பிரிவினை தொடர் எடுக்கும் தொழில்காரர்கள் வகுத்தது. மெக்சிகோவில் மிகேல் சபீதோ என்பவர் 1970-களில் எழுத்தறிவு, குடும்பக் கட்டுப்பாடு போன்றவற்றைப் பரப்ப இப்படித்தான் தொடர்களைக் கட்டினார். அதைப் பார்த்து வந்து 1984-ல் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடரை எடுத்தது. செய்தி வேலை செய்யும் இடம் அந்த மூன்றாமவர். நல்லவர் சொல்வது உபதேசம். தடுமாறுகிறவர் எதைப் பார்த்து மனம் மாறினார் என்பதுதான் பார்ப்பவர் மனதில் இறங்கும். அந்தக் காட்சிக்குச் சிவப்பு மையில் கோடு போடுங்கள்.

இங்கே வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'ஹம் லோக்'கில் எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளும் அம்மாவை, 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்டத்தான் வைத்தார்கள். பார்த்தவர்களில் நிறையப் பேர் அவரையே நல்ல முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். எழுதியவர் நினைத்தது ஒன்று, வீட்டில் இறங்கியது வேறொன்று. ஆகவே உங்கள் நோட்டை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: "இதில் யார் பண்ணியது சரி?" மூவரையும் சேர்த்துக் கேட்டால் மாமியார் சொல்வதுதான் மூவர் பதிலும் ஆகிவிடும். பாட்டியின் பதிலும் பேத்தியின் பதிலும் எங்கே பிரிகிறதோ அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பயிற்சியில் மிக ருசியான பக்கம் அதுதான்.

இரண்டாம் வாரம், இல்லாததைத் தேடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துக்கு நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! குடியாத்தத்தில் பீடியும் தீப்பெட்டியும். நாடகத்திலும் 'கம்பெனி' வரும், ஆனால் முதலாளியின் கண்ணாடி அறைதான் வரும்; ஷிப்டும் வராது, பி.எஃப். பிடித்தமும் வராது. தோல் பதனிடும் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. நாடகத்து ஊரில் ஆறு பாட்டுக்கு மட்டும் ஓடும். உங்கள் தெருவில் நீங்கள் பார்க்கும் பத்து வேலைகளை எழுதி, பன்னிரண்டு எபிசோடில் எத்தனை வந்தது என்று டிக் அடியுங்கள்.

சொல்லையும் பிடிக்கப் பழக வேண்டும். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ல் நடந்ததை ஒரு நிகழ்ச்சி 'கலகம்' என்னும், இன்னொன்று 'கிளர்ச்சி', மற்றொன்று 'புரட்சி' என்னும். நடந்தது ஒன்றே. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி பற்றிய உத்தரவுகளுக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்தார்கள். எந்தச் சொல்லை எடுக்கிறார்களோ அந்தப் பக்கம் கேமரா நிற்கிறது. இதே கண்ணோடு விவாத நிகழ்ச்சியின் தலைப்பைப் பாருங்கள். கேள்விக்குறி போட்ட தலைப்பு பல நேரம் பதிலைத் தானே வைத்திருக்கும். செல்போன் ஸ்டாப்வாட்சில் ஒவ்வொருவரும் பேசிய வினாடியையும் நெறியாளர் குறுக்கிட்ட தடவையையும் குறியுங்கள். அரை மணியில் படம் தெளிவாகும்.

திரையில் யார் குரல் என்று கண்டுபிடிப்பது முன்பு சுலபம். 1975-ல் சென்னைத் தூர்தர்ஷன் வந்த காலத்தில் பேசுவது யார் என்று கேட்கவே வேண்டாம், அரசாங்கம்தான். 1993-ல் சன் டி.வி., 1999-ல் ஜெயா, 2007-ல் கலைஞர் என்று வந்தபோது எந்த வீட்டில் எந்தச் செய்தி ஓடுகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். 2006 தேர்தலுக்குப் பின் அரசே 14 அங்குல வண்ணப் பெட்டி கொடுத்தது. பெட்டியே தேர்தல் வாக்குறுதியாக வந்த ஊர் நம்முடையது. இப்போது செயலிக்கு வந்த பிறகு ஒரே வீட்டில் நாலு பேர் நாலு திரையில் நாலு கதை பார்க்கிறார்கள். ஆகவே நோட்டின் முதல் வரியில் எந்தச் சேனல் அல்லது செயலி, யார் கணக்கு என்பதையும் எழுதுங்கள். ஆனால் 'சேனல் இன்னாருடையது, எல்லாம் அவர் சொல்வது' என்று மூடிவிடாதீர்கள். தயாரிப்பு நிறுவனம் வேறு, ரேட்டிங் வேறு; எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாரந்தோறும் வரும் இந்தக் கணக்கு கதையைத் திருப்புவது சேனல் முதலாளியின் கொள்கையைவிட அதிகம்.

அரசுத் திட்டத்தின் பெயர் திடீரென்று வசனத்தில் வந்தால் தேதியைக் குறியுங்கள். 2019 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், மத்திய அரசுத் திட்டங்களைப் புகழ்ந்த இந்தித் தொடர்களுக்காக மகாராஷ்டிரத் தலைமைத் தேர்தல் அதிகாரி நோட்டீஸ் அனுப்பினார். தேர்தல் காலத்தில் கட்சி விளம்பரம் டி.வி.யில் வர முன்சான்று வேண்டும். உள்ளூர் கேபிள் சேனலுக்கும் இது பொருந்தும். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள். வேலூருக்குச் சத்துவாச்சாரி; ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் போக வேண்டும், ஆற்காடு, அரக்கோணம்காரர்கள் ராணிப்பேட்டை. 2019-ல் மாவட்டம் பிரிந்ததை மறந்து வேலூருக்கு அலைபவர்கள் இன்னும் உண்டு.

மற்ற நாட்களில் புகாரைச் சேனலுக்கே எழுத வேண்டும். சேனல், நிகழ்ச்சி, தேதி, நேரம், எந்த வசனம், ஏன் தவறு: இவ்வளவு போதும், ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். 'மனம் புண்பட்டது' என்று மட்டும் எழுதினால் நிற்காது. எந்த விதிக்கு மாறானது என்று காட்ட வேண்டும். கேபிள் டி.வி.க்கான 2021 விதிப்படி 24 மணி நேரத்தில் ஒப்புதலும் 15 நாளில் முடிவும் வர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம், அதாவது சேனல்கள் தாங்களே சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பிடம், மேல்முறையீடு. ஒளிபரப்பிய பதிவைச் சேனல்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த 90 நாள் தாண்டிய பிறகு கையில் நோட்டு மட்டும்தான் இருக்கும்.